பெட்டி அடிக்கப் படித்த கோடை

நம்மோடு ஓடித் திரிந்தவர்களில் இன்னும் காது கேட்கிறவர்கள் மிச்சம் இருந்தால் கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டு வாசித்துக் காட்டட்டும். ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, ஆற்றோரக் கிட்டங்கியில் நாமெல்லாம் தச்சு வேலை படித்தோமே, அந்தக் கோடையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷத்தில் நாம் ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. கோவிலில் பார்த்தால் மூட்டு வலியைப் பேசுவோம், மருமகளைப் பேசுவோம், இதைப் பேசமாட்டோம். எனக்குப் பேசாமல் இருந்து அலுத்துவிட்டது.

அந்தக் கோடையில் என் அண்ணன் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டியவன். போகவில்லை. அவனை எது நிறுத்தியது என்று தெருவில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். நடந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்தில் நின்றேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற சாலையில் இறங்கி ஆற்றைப் பார்க்க நடந்தால் நம் தெரு. என் அப்பா நம் கோவிலுக்கு உபதேசியார். குருவானவர் மாதத்துக்கு ஒரு தரம் வண்டி கட்டி வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் பிரசங்கம் அப்பாவுடையது. நம் தெருவில் அவர் சொன்னால் சொன்னதுதான். கிணறு தோண்டவும் கேட்பார்கள், பெண் கொடுக்கவும் கேட்பார்கள்.

முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. மாசியில் அறுத்த பிசான நெல்லில் பாதிக்கு மேல் பதர். ஆற்றில் மணல் திட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மருத மரத்தடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதிலும் பாசி நாற்றம். ஒரு வேளைக் கஞ்சியை இரண்டு வேளைக்கு நீட்டக் கற்றுக்கொண்ட வீடுகள் அந்தத் தெருவில் நிறைய. அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த மனிதர் வந்தார்.

ஒற்றை மாட்டு வண்டி நிறைய மெல்லிய பலகை, அதன் மேல் குடை பிடித்துக்கொண்டு அவர். எப்போதும் வெளுத்த வேட்டி. பேசும்போது கிராம்பு வாசனை வரும். பிள்ளைகளுக்கு இலவசமாகத் தச்சு வேலை சொல்லித்தரப் போவதாகவும், மத்தியானம் ஒரு வேளைச் சோறு தன் செலவு என்றும் அப்பாவிடம் சொன்னார். சொந்த ஊர் குலசேகரன்பட்டினம் என்று அப்பாவிடம் சொன்னவர், பரிசல்காரரிடம் புன்னக்காயல் என்று சொல்லியிருந்தார். அம்மா இதைக் கேட்டு வந்து சொன்னதற்கு, ஒரு மனுஷனுக்குத் தாய் ஊர் ஒன்று, தகப்பன் ஊர் ஒன்று இருக்கக்கூடாதா என்று அப்பா கேட்டார். இருக்கலாம்தான். பின்னால் அவரைத் தேடிப் போனபோது இரண்டு ஊரிலும் அவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவின் பிரசங்கம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆண்டவரே தச்சன் வீட்டில் வளர்ந்தவர்தான், சுத்தியல் பிடித்த கையைத்தான் ஆணியால் அறைந்தார்கள், நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் தேடி வருகிறது என்றால் அது யார் அனுப்பியது என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மேலத்தெருக்காரர்கள், ஆசாரி செய்கிற வேலை நம்ம பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களை வீண் பெருமை காப்பாற்றியது. நம்மை வேதம் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

கிட்டங்கி முன்னே பஞ்சு அடைத்த இடம். மூலையில் வௌவால் எச்சமும், எங்கே தும்மினாலும் பறக்கிற பழைய பஞ்சுத் தூசியும் இருந்தன. முதல் நாள் அந்த மனிதர் ஒரு விஷயம் சொன்னார். தன்னை ஐயா என்றோ வாத்தியார் என்றோ கூப்பிடக் கூடாதாம். சித்தப்பா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். எவ்வளவு பிரியமான மனிதர் என்று தெருவே உருகிப் போயிற்று. மறந்துபோய் ஐயா என்று கூப்பிட்ட பிள்ளைக்கு அன்றைக்குச் சோற்றில் குழம்பு கிடையாது. பிரியத்தை இப்படி அடித்துப் பழக்குவார்களா என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

வேலை இதுதான். பலகைகள் ஏற்கெனவே அறுத்து வந்திருந்தன. ஆண்பிள்ளைகள் நாலு பக்கத்தையும் சேர்த்து நிறுத்தி ஆணி அடிக்க வேண்டும். ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டால் நேரம் போகும் என்பதால் உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். பெண்பிள்ளைகளான நாங்கள் கோணிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவோம். முடிந்த பெட்டிக்குள் ஈயத் தகடு ஒட்டுவோம். வெற்றிலை மாதிரி மெல்லியது, கசங்கினால் ஒரு மாதிரி முனகும். சாயங்காலம் வீடு திரும்பும்போது பையன்கள் வாயெல்லாம் இரும்பு ருசி. காறித் துப்பிக்கொண்டே வருவார்கள்.

என் அண்ணன்தான் எல்லோரிலும் கெட்டிக்காரன். ஆணி கோணாது, பலகை பிளக்காது. சுத்தியல் சத்தத்தை வைத்தே அது அண்ணன் அடிக்கிறது என்று நான் சொல்வேன். ஒருநாள் அவன், அம்மா உட்கார ஒரு மணை செய்ய வேண்டும், இழைப்புளி பிடிக்கவும் உளி பிடிக்கவும் சொல்லித்தாருங்கள் சித்தப்பா என்று கேட்டான். அவர் சிரித்தார். அதெல்லாம் உனக்குத் தேவைப்படாது என்றார். கோடை முழுக்க அந்தக் கிட்டங்கியில் ஒரு மணையோ, ஒரு அகப்பைக் கூடோ, ஒரு கதவுத் தாழோ யாரும் செய்யவில்லை. ஒரே அளவில் பெட்டி. அடித்து முடித்தால் மறுநாள் அதைப் பிரித்து, அதே பலகையில் மறுபடி பெட்டி. வேலை படித்தால் ஏதாவது ஒரு பொருள் வீட்டுக்கு வர வேண்டாமா என்று எந்தத் தகப்பனும் கேட்கவில்லை. மத்தியானச் சோறு வாயை அடைத்திருந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது மூக்கினால். ஒருநாள் அண்ணன் ஒடிந்த பலகைத் துண்டு ஒன்றை அடுப்பெரிக்க என்று எடுத்து வந்தான். அம்மா அதை வாங்கி அடுப்பில் வைக்கப் போனவள், முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். நம் ஊரில் அப்போது தேயிலை குடித்தவர் யார்? காய்ந்த சருகும் புகையும் கலந்த அந்த வாசனையை எங்களுக்குச் சொல்லவே தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும். அவளுடைய அக்கா, எனக்குப் பெரியம்மா, பஞ்சத்தில் கடல் தாண்டி, கண்டிச் சீமைத் தேயிலை மலைத்தோட்டத்துக்குப் போனவள். எலும்பும் இருமலுமாகத் திரும்பி வந்தபோது அவள் சேலையில் இந்த வாசனைதான் அடித்ததாம். துவைத்தும் போகவில்லையாம். அந்தச் சேலையோடுதான் அவளைப் புதைத்தார்கள்.

அதன் பிறகு அம்மா சரியாகத் தூங்கவில்லை. இது தேயிலைப் பெட்டி என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, உலகத்தில் பெட்டியில் போட்டு விற்கிற சாமான் ஆயிரம் இருக்கிறது என்றார்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் தொப்பி வைத்த ஒருவர் வந்தார். பரீட்சை என்று சொன்னார்கள். ஆணி அடிக்கச் சொல்லிப் பார்த்தார், சரி. பிறகு பையன்களின் விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், தோளை அமுக்கிப் பார்த்தார். மாட்டுத் தாவணியில் மாடு வாங்குகிறவன் பார்க்கிற பார்வை அது. எங்களைப் பார்க்கவே இல்லை, பெண்பிள்ளைகள் வேண்டாமாம். கடைசியில் ஒவ்வொருவனையும் நிறுத்தி, இவர் உனக்கு யார் என்று கேட்டார். சித்தப்பா என்றார்கள். உன் அப்பா எங்கே என்று கேட்டார். எல்லோரும் விழித்தார்கள். அதற்குச் சித்தப்பா பக்கத்தில் வந்து பதில் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். அம்மா கேட்டதற்கு, "அப்பா செத்துப் போனாருன்னு சொல்லணுமாம். நான் சொல்லலம்மா. சொல்லுத வரைக்கும் விடமாட்டேன்னு நிக்க வச்சாரு, பொறவு சொல்லிட்டேன்" என்று அழுதான்.

அப்பா உடனே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. கண்டிச் சீமையில் ஒரு வருஷம் வேலை பழகப் போகிறார்களாம், சம்பளம் உண்டாம். தூத்துக்குடித் துறையில் உறவு இல்லாத பிள்ளைகளைக் கப்பலேற விடமாட்டார்களாம். அதற்காக ஒப்புக்குச் சொல்கிற வார்த்தைதானாம். பொய் சொல்லக் கூடாது என்று வாரா வாரம் பிரசங்கம் செய்கிற என் அப்பா, இதை எப்படி விழுங்கினார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பட்டினித் தெருவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நம்ப ஆசைப்பட்டார். ஆசைப்பட்டவனுக்கு எதுவும் தொண்டையில் சிக்காது.

"அங்கன போனவ என் அக்கா. அவ திரும்பி வந்த கோலத்த நீங்களும்தான பார்த்தீய. பிள்ளைய அனுப்பாதீய" என்றாள் அம்மா.

"ஊரான் பிள்ளையெல்லாம் போகணும்னு நான் கோவில்ல நின்னு சொன்னவன். இப்ப என் பிள்ளைய மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டா அது என்ன நியாயம்? அவன்தான் முதல் ஆளா போகணும்."

"அப்ப எல்லாப் பிள்ளையளையும் நிறுத்துங்க."

அப்பா, வாக்குக் கொடுத்தாயிற்று என்று முனகிவிட்டு வெளியே போனார். என் அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் தன் பிள்ளையையாவது நிறுத்தியிருப்பார்.

அம்மா ஆற்றில் துவைக்கிற இடத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாள். உங்க வீட்டுக்காரரே நல்லதுன்னு சொல்லுதாரே என்று அவர்கள் சேலையைக் கல்லில் அடித்தார்கள். வண்டிகள் திங்கட்கிழமை புறப்படும் என்று சொல்லிவிட்டார்கள். பையன்களுக்குப் புதுச் சட்டை வந்தது. எல்லாச் சட்டையும் ஒரே துணி.

சனிக்கிழமை காலையில், வழிக்குக் கட்டுச்சோறு வேண்டும் என்று அம்மா இருந்த நெல்லைக் கொண்டுவந்து முற்றத்து உரலில் கொட்டினாள். நம் வீடுகளில் நெல் குத்துவது உங்களுக்குத் தெரியும். உலக்கை மேலே போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சிதறுகிற நெல்லைக் கையால் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். உலக்கை இறங்குமுன் கையை எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் தள்ளிவிடுகிறவள் நான். அம்மாவின் மூச்சை வைத்தே எனக்குக் கணக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டும் தள்ளுவேன்.

அன்றைக்கு அம்மா, "ஏட்டி, நீ எந்திரி. அண்ணன் தள்ளட்டும்" என்றாள்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். அவனும் கெட்டிக்காரன்தான். உலக்கை ஏறுவதும் கை போவதும் வருவதும் சீராக நடந்தது. உமி பறந்து அவன் தலைமயிரில் ஒட்டியது. நான் முறத்தை எடுக்கத் திரும்பினேன். உலக்கைச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அம்மா உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். இறக்கவில்லை. அண்ணனின் வலது கை உரலுக்குள் இருந்தது. அவன் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தான். எடுக்க வேண்டும் என்றால் நிறைய நேரம் இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

அம்மா இறக்கினாள்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அண்ணன் வாய்விட்டு அழக்கூட இல்லை, குனிந்து நெற்றியை உரல் விளிம்பில் வைத்துக்கொண்டான். அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அம்மாதான் தெரு கேட்க அழுதாள். அவள் பொய்யாக அழவில்லை என்பதை நான் எந்தக் கோவில் படியிலும் ஏறிச் சொல்வேன். ஓடி வந்தவர்களிடம் உலக்கை தவறிவிட்டது என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் வாயில் தானாக வந்தது.

எலும்பு கட்டுகிறவர் வந்து இரண்டு விரல் நொறுங்கிவிட்டது என்று சொல்லிக் கட்டுப் போட்டார். சித்தப்பாவும் வந்தார். கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. இது ஆகாது என்று கையை விட்டுவிட்டுப் போனார். அப்பா வாசலில் நின்று, கர்த்தருக்குச் சித்தம் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணன் எங்களோடு இருக்கப் போகிறான் என்கிற சந்தோஷத்தில் வேறு ஒன்றும் என் சின்னப் புத்தியில் ஏறவில்லை. அவர்களுக்கு ஒரு ஆள் குறைகிறது என்பதை அம்மாகூட யோசித்திருக்க மாட்டாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டு அத்தை மடியில் முட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். அத்தை புருஷனை இழந்தவள், ஒரே மகன். அவனும் கிட்டங்கியில் எங்களோடு படித்தவன்தான். பொடியன், ஆணி அடித்தால் பாதி கோணும், அதில் பாதியை நான்தான் நிமிர்த்துவேன். தொப்பிக்காரர் அவனை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்.

"உளுந்து மாவுல இந்த முட்டைய ஊத்திக் கட்டுங்க மதினி, எலும்பு கூடும்" என்றாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. "ஒரு விசயம். இப்பத்தான் அந்தச் சித்தப்பாக்காரர் வந்து சொன்னாரு. உங்க பிள்ளை இடத்துல என் பிள்ளையக் கூட்டிட்டுப் போறாராம். உங்க வீட்டுத் துக்கத்துல நான் சந்தோசப்படக் கூடாது. ஆனா அவன் வயிறாரச் சாப்பிடுவாம்லா மதினி."

அம்மா கையிலிருந்த முட்டைகளைப் பையக் கீழே வைத்தாள்.

"அனுப்பாதீய மதினி."

"ஏன்?"

"உலக்கை தவறல. நான்தான் போட்டேன். அவன் போகக் கூடாதுன்னு பார்த்துத்தான் போட்டேன். அது பிள்ளைய விழுங்குத இடம். என் அக்காவ விழுங்குச்சு. அனுப்பாதீய."

அத்தை முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"பெத்தவ எவளாவது அப்படிச் செய்வாளா? உங்க பிள்ளை போக முடியலன்னா என் பிள்ளையும் போகக் கூடாதோ? உங்க மனசு இப்படின்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள். முட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தத் தயவு இருந்தது.

அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்போது தெருவில் இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வண்டிகூடப் புறப்பட்டிருக்காது. ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்றால், தன் மனைவி தன் மகன் கையை நொறுக்கினாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உபதேசியார் வீட்டில் இப்படி என்று நாலு ஊர் பேசும். அவர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாகும்வரை அம்மாவிடம் அவர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டிகள் நின்றன. அப்பா ஜெபம் செய்தார். குரல் கம்மியிருந்ததற்குப் பிரிவுத் துயரம் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். சித்தப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்து, "ஏலே, நான் யாருலே?" என்று கேட்டார். பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். உங்க அப்பா எங்கலே என்றும் கேட்டார். சுற்றி நின்ற தகப்பன்மார்களின் முன்னால் அதற்கும் ஒரே குரலில் கத்தினார்கள். தகப்பன்மார்கள் சிரித்தார்கள். கடைசி வண்டியின் பின்னால் அத்தை மகன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனுக்குத் தைத்த சட்டை அவனுக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது.

ஒரு வருஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அப்பா தூத்துக்குடிக்குப் போனார், குலசேகரன்பட்டினம் போனார், புன்னக்காயல் போனார். தாய்மார்கள் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அவர் முன்னால் வந்து நிற்பார்கள். ஒன்றும் கேட்கமாட்டார்கள், சும்மா நிற்பார்கள். அவர் பிரசங்கத்தை விட்டுவிட்டார். போனவர்களில் சிலர் வளர்ந்து, நம்மைவிட மூத்தவர்கள் மாதிரி ஆகித் திரும்பினார்கள். இதை வாசிக்கிறவர்களில் அவர்களில் ஒருவர் இருக்கலாம். உங்களிடம் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அப்படித் திரும்பிய ஒருவன்தான் சொன்னான். அத்தை மகன் அங்கே முதல் மழைக்கே குளிர்க்காய்ச்சலில் போய்விட்டான். அது தெரியாமல் அத்தனை வருஷமும் அத்தை ஒரு பிடி அரிசியைக் கூடுதலாகப் போட்டுத்தான் உலை வைத்திருக்கிறாள்.

சேதி வந்த அன்று மத்தியானம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டைகளை வைத்துவிட்டுப் போனவள், அதன் பிறகு வாசல் மிதித்தது அன்றுதான். அண்ணன் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோணிப்போன அந்த இரண்டு விரல்களையும் தடவிக்கொண்டே இருந்தாள். அண்ணன் கையை இழுக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

அத்தை தலை நிமிராமலே சொன்னாள்.

"அன்னைக்கு என் பிள்ளை கையையும் சேத்து ஒடிச்சிருக்கலாமே மதினி."

"ஒடிச்சிருக்கணும்" என்றாள் அம்மா.